நிமிர்ந்து உட்கார்ந்தவன்

லாரியிலிருந்து எட்டு சைக்கிள்களையும் இறக்கி, காட்டிலாகா ஓய்வு விடுதியின் சுவரில் சாத்தி வைத்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. எழுமலைக்கு மேற்கே மலைச்சரிவு பங்குனியில் அப்படித்தான். புல் காய்ந்து, சருகு காய்ந்து, யாராவது ஒரு பீடித் துண்டைப் போட மாட்டார்களா என்று காத்துக் கிடக்கும்.

விடுதி வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கதவைத் திறந்ததும் வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. மதுரையிலிருந்து வந்த எட்டுப் பேரில் ஏழு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜாராமன் சிரிக்கவில்லை. விடுதிக்குப் பின்னால் தொடங்கி, நாலு மைல் சரிந்து சமவெளிக்கு இறங்கும் பாதையிலேயே அவன் கண் இருந்தது.

அந்தப் பாதை அவன் வாங்கிய பாதை. மதுரை கே.கே. நகரில் வீடு, அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, முப்பத்தாறு வயது, சின்னதாய் ஒரு தொப்பை. பார்த்தால் பரம சாது. ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் ஆள் வேறு. இந்த எட்டுப் பேரின் சைக்கிள் கிளப்புக்கு அவன்தான் செயலாளர். 1981-ல் காட்டிலாகாவுக்கு நடையாய் நடந்து ஓர் ஒப்பந்தம் போட்டான். காட்டுத்தீ தாண்டாதபடி புதரை வெட்டிவிட்ட அகலமான தடம் ஒன்று மலையில் உண்டு, ஃபயர் லைன் என்பார்கள். வருடா வருடம் கிளப்காரர்கள் அதைச் சுத்தம் செய்து தர வேண்டியது, புகை தெரிந்தால் தகவல் சொல்ல வேண்டியது. பதிலுக்கு அதில் சைக்கிள் ஓட்டிக்கொள்ளலாம். காட்டிலாகாவுக்கு ஆள் பற்றாக்குறை, இவர்களுக்கு மலை ஆசை. ஒப்பந்தம் பொருந்திப் போயிற்று.

இன்று ரேஞ்சர் வருகிறார். கையில் கடிகாரத்தோடு நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருவராய் இறக்கிவிட்டு, பிடித்திருந்தால் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார்.

"அத்திம்பேர், நான்தான் முதல்ல இறங்குவேன்" என்றான் வெங்கட்ரமணன். ராஜாராமனின் மனைவி அகிலாண்டத்தின் தம்பி. ஆனையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வைகாசியில் கல்யாணம். 'அவன் மேல ஒரு கீறல் விழாம கொண்டு வந்து சேர்த்துடுங்கோ' என்று அகிலாண்டம் வாசல் வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பார்க்கலாம்டா" என்றான் ராஜாராமன்.

விடுதிக்குப் பின்புறம் காட்டிலாகா கார்டு விருமாண்டி காக்கிச் சட்டையில் நின்றிருந்தான். கையைக் காட்டி ராஜாராமனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சார், இன்னைக்கு வேணாம் சார். ரேஞ்சர்ட்ட ஏதாச்சும் சாக்குச் சொல்லுங்க."

"ஏன்யா?"

"மூணு நாளா அந்த வளைவுல கம்பி பாடுது."

ராஜாராமன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அதான் அன்னிக்கே கழட்டிட்டோமே."

"கழட்டிட்டோம் சார். கழட்டுன கம்பிதேன் பாடுது."

போன புரட்டாசியில் நடந்தது இது. கிளப்காரர்கள் சுத்தம் செய்த அழகுக்கு வினை அந்தச் சுத்தத்திலிருந்தே வந்தது. கல் போய், புதர் போய், பாதை வழவழவென்று ஆனதும் விறகு திருடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். முன்பு தலைச்சுமையாகத் தூக்கிப் போனவர்கள், சைக்கிள் கேரியரில் விறகை உயரக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் பறந்தார்கள். 'உங்க பாதை திருடனுக்குத்தான் உதவுது, நிறுத்தாவிட்டால் ஒப்பந்தம் ரத்து' என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார்.

யோசனை சொன்னது ராஜாராமன். எந்த இடத்தில் ஓட்டுகிறவன் பிரேக்கை விட்டுவிட்டு வேகத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பான் என்பது அவனுக்குத்தானே தெரியும்? மூன்றாவது வளைவு. அங்கே பாதையின் இரு பக்கமும் இரண்டு வேங்கை மரங்கள். அவற்றுக்கு நடுவே கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டினால் பின்னால் இருக்கும் சுமை மாட்டிக்கொள்ளும், வண்டி சாயும், திருடன் சிராய்ப்போடு ஓடிப்போவான். அவ்வளவுதான் கணக்கு. உயரம் பார்க்க ராஜாராமனே தன் சைக்கிளில் உட்கார்ந்து காட்டினான். அவன் தலைக்கு மேலே ஒரு சாண் விட்டு விருமாண்டி மரத்தில் அடையாளம் வெட்டினான்.

கிளப்காரர்கள் எட்டுப் பேரும் ஹேண்டிலைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டுகிறவர்கள். முதுகு வளைந்து, மோவாய் ஹேண்டிலைத் தொடக் குனிந்து போவார்கள். சைக்கிள் என்றால் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று ராஜாராமனின் உடம்புக்குப் பழகிப் போயிருந்தது. சாதாரண வண்டியில் சாதாரண மனிதன் நிமிர்ந்து உட்காருவான் என்பது அந்த மடையனுக்குத் தோன்றவேயில்லை.

கம்பி கட்டிய அன்று மத்தியானம் வந்தவன் பேயாண்டி. அடிவாரத்து ஊர்க்காரன். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

கம்பி ஒரு தடவை 'ணங்' என்றது. சைக்கிள் மட்டும் விறகோடு நாற்பது அடி ஓடிப்போய் விழுந்தது. பேயாண்டி பாதையிலேயே கிடந்தான். கழுத்து காதிலிருந்து காதுவரை திறந்து, மூச்சு அந்த வழியாகக் குமிழ் குமிழாக வந்தது. கண் திறந்திருந்தது. புதருக்குள்ளிருந்து ஓடி வந்த ராஜாராமனின் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான். உதடு அசைந்தது.

"இனி பொழைக்க மாட்டான் சார். காலைப் புடிங்க" என்றான் விருமாண்டி.

பிடித்தான். மணிக்கட்டிலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, காலைப் பிடித்தான். முந்நூறு அடி தள்ளி இருந்த ஓடைப் பள்ளத்துக்குத் தூக்கிப் போய் உருட்டி விட்டார்கள். உருளும்போதும் அவனுக்கு உயிர் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். விறகு திருட வந்தவன் பாறையில் வழுக்கி விழுந்து செத்தான் என்று எழுதப்பட்டது. பார்த்த சாட்சியாக ராஜாராமன் கையெழுத்துப் போட்டான்.

"சார்."

திரும்பினான். ஒரு பெண் அரிவாளும் கையுமாக நின்றிருந்தாள். பாதையோரச் செடிகளை வெட்டக் காட்டிலாகா தினக்கூலிக்கு வைத்திருந்தவள். பேயாண்டியின் மனைவி அன்னக்கொடி. இந்த ஆறு மாதத்தில் அவளைப் பார்த்த போதெல்லாம் ராஜாராமன் வேறு பக்கம் போய்விடுவான். இன்று வழி இல்லை.

"எம்புருசன் விழுந்தது அந்த ஓடைதேனா சார்? நீங்கதேன பாத்தீக?"

"அங்கதாம்மா. அப்பவே காட்டினேனே."

"ஆறு மாசமா தழை போடுறேன் சார்."

அந்தப் பக்கத்து வழக்கம் அவனுக்கும் தெரிந்ததுதான். அடிபட்டுச் செத்தவனுக்கு, ரத்தம் விழுந்த மண்ணில் கட்டியவள் கையால் பச்சைத்தழை ஒடித்துப் போட வேண்டும். போட்டால் அவன் ஆவி அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடும்.

"போட்ட தழை மறுநா காலையில என் வீட்டு வாசல்ல கெடக்கு சார்" என்றாள் அன்னக்கொடி. "எடம் அது இல்லேன்னு ஊர்ல சொல்றாக. வேற எடத்துல விழுந்திருந்தா சொல்லிருங்க சார். நான் யாரையும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. போட்டுட்டுப் போயிருவேன்."

ஒரு வார்த்தை போதும். மூன்றாவது வளைவு என்று சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் போலீஸ் இருந்தது, ஜெயில் இருந்தது, போகிற வேலை இருந்தது.

"அதே ஓடைதாம்மா" என்றான்.

அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பாதையில் இறங்கிப் போனாள்.

ரேஞ்சர் வந்து சேரும்போது சரியாக உச்சி வேளை. நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. வெங்கட்ரமணன் சைக்கிளோடு முன்னால் போய் நின்றான். ராஜாராமன் அவனைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான்.

"நான் முதல்ல போறேன். நீ ரெண்டாவது. மூணாவது வளைவுல தலையை நிமிர்த்தவே கூடாது. சத்தியம் பண்ணு."

"என்ன அத்திம்பேர், புதுசா?"

"பண்ணுடா!"

சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தான். ரேஞ்சர் கையை இறக்கினார்.

முதல் வளைவு வரை ஒன்றும் இல்லை. சருகு நொறுங்கும் சத்தம், சங்கிலிச் சத்தம், காதில் காற்று. இரண்டாவது வளைவு திரும்பியதும் காற்று நின்றது. வண்டி பறக்கிறது, காற்று மட்டும் இல்லை. வெட்டிய பச்சை விறகின் வாசனை வந்தது. அதற்கு அடியில் துருவும் உப்பும் கலந்த வேறொரு வாசனை. ராஜாராமனுக்கு அது பழக்கமான வாசனைதான். புரட்டாசியில் சட்டையைத் துவைக்கும்போது வந்தது.

அப்போது சத்தம் கேட்டது.

கொசு ரீங்காரம் போல ஆரம்பித்து, இழுத்துக் கட்டிய கம்பியை யாரோ விரலால் தடவுகிற மாதிரி ஆயிற்று.

சைக்கிள் கனத்தது. அவன் வண்டிக்குக் கேரியரே கிடையாது. ஆனாலும் பின்னால் ஒரு சுமை ஏறி உட்கார்ந்தது அவனுக்குத் தெரிந்தது. விறகின் முனைகள் முதுகில் குத்தின. அதற்கு மேல் இரண்டு கைகள், ஈரமாக, சில்லென்று, அவன் இரண்டு தோள்களையும் பிடித்தன.

பிடித்துப் பின்னால் இழுத்தன.

"நிமிருங்க சார்."

மோவாயை ஹேண்டிலோடு அழுத்திக்கொண்டான். கைகள் விடவில்லை. முதுகெலும்பு நெரிந்தது. வேங்கை மரங்கள் இரண்டும் அவனை நோக்கி ஓடி வந்தன.

"நிமிருங்க."

அவன் ஹேண்டிலைக் கடித்துக்கொண்டான். நிஜமாகவே கடித்தான். முன்பல் ஒன்று உடைந்து வாய்க்குள் விழுந்தது. தலைக்கு மேல் ஏதோ சுரீரென்று உரசியது. உச்சியில் ஒரு பிடி முடியும் தோலும் பிய்ந்து போயின. மரங்களைத் தாண்டி, சைக்கிளோடு புரண்டு, முகம் மண்ணில் தேய்ந்து விழுந்தான்.

எழுந்தபோது நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணை மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தான். மரங்களுக்கு நடுவே கம்பி எதுவும் இல்லை. வெறும் வெயில்.

ஆனால் ரீங்காரம் நிற்கவில்லை. அடுத்தவனுக்காகக் காத்திருந்தது.

இரண்டு நிமிடம். ராஜாராமன் மேல்நோக்கி ஓடினான். கால் இடறியது, கையை ஊன்றி ஓடினான். வளைவின் மேல்முனையில் வெங்கட்ரமணன் தெரிந்தான். அழகாகக் குனிந்து, சொன்ன சொல் தவறாமல், தலையை இறக்கிக்கொண்டு வந்தான். அப்படியே வந்திருந்தால் தப்பியிருப்பான். ராஜாராமன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"குனி! குனிடா வெங்கட்! குனி!"

பாதையில் ரத்தம் வழிய ஒருவன் நின்று கத்தினால் எவனும் என்ன செய்வான்? வெங்கட்ரமணன் பிரேக்கைப் பிடித்து, நிமிர்ந்து பார்த்தான்.

ணங்.

சைக்கிள் மட்டும் ராஜாராமனைத் தாண்டிப் போயிற்று.

வெங்கட்ரமணன் மல்லாந்து கிடந்தான். தொண்டையில் குறுக்கே ஒரு கோடு, கத்தியால் கோடு போட்ட மாதிரி நேராக. அது மெல்லத் திறந்தது. ராஜாராமன் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் அழுத்தினான். விரல் இடுக்கு வழியாகச் சூடாகப் பீறியது. கண் திறந்திருந்தது. மூச்சு குமிழ் குமிழாக வந்தது.

"ஐயோ, உன் அக்காவுக்கு நான் என்னடா சொல்வேன்!"

வளைவுக்குக் கீழே நின்றிருந்த விருமாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தான். பார்த்தான். அவன் முகம் வெளிறியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சார், அந்தப் பொம்பளை ஓடி வாரா. கம்பியப் பத்தி வாயத் தொறந்துறாதீக."

"சொல்லித்தான் ஆகணும்யா. இடத்தைச் சொல்லி அவ தழை போட்டாத்தான் இவன் பிழைப்பான்."

"எனக்கும் புள்ள குட்டி இருக்கு சார்!"

விருமாண்டி அவனைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயைப் பொத்தினான். உடைந்த பல் ராஜாராமனின் உதட்டைக் கிழித்தது. ராஜாராமன் அவன் கையைக் கடித்தான். விருமாண்டி ஒரு கல்லை எடுத்து அவன் தாடையில் ஒரு அடி, காதில் ஒரு அடி. மூன்றாவது அடிக்கு ஓங்கியவன் அப்படியே நின்றான்.

ரீங்காரம் நின்றிருந்தது.

"சார்" என்றான் விருமாண்டி, மிக மெதுவாக. "யாரோ என் காலைப் புடிக்கிறாக."

பின்னால் யாரும் இல்லை.

அவன் குப்புற விழுந்தான். விழுந்தவன் பின்னோக்கி நகர்ந்தான். பத்து விரல்களும் மண்ணில் பத்துக் கோடுகள் கிழித்தன. நகம் பிய்ந்து ஒரு கோட்டின் நடுவே நின்றது. "வேணாம் பேயாண்டி! வேணாம்டா!" என்று அலறிக்கொண்டே முந்நூறு அடியும் போனான். கல்லில் மோதினான், முள்ளில் மோதினான், நிற்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் ஒரு வேரைப் பிடித்தான். அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

பாறைகளில் அவன் விழும் சத்தம் நாலு தடவை கேட்டது. மூன்றாவது தடவை வரை அலறலும் கூடவே கேட்டது.

அன்னக்கொடி வந்து சேர்ந்தாள். கிடந்தவனைப் பார்த்தாள், மண்ணில் போன பத்துக் கோடுகளைப் பார்த்தாள். ராஜாராமன் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டான்.

"இந்த இடம்தாம்மா. ஓடை இல்ல. இந்த ரெண்டு மரத்துக்கும் நடுவுல கம்பி கட்டினோம். சுமைதான் மாட்டும்னு நெனச்சோம். உன் புருஷன் கழுத்துல பட்டுடுத்து. இங்கதான் ரத்தம் விழுந்தது. பொய் சொல்லிட்டேன். இவனைக் காப்பாத்தும்மா."

அவள் கை அரிவாளுக்குப் போயிற்று. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அரிவாள் இறங்கவில்லை.

"விழுந்ததும் உசுரு போயிருச்சா சார்?"

கண்ணைத் திறந்தான். அவள் அழவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது. உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவளுக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது பாதிப் பொய். உயிரோடு இருந்தவனை உருட்டி விட்டோம் என்று சொன்னால் அந்த அரிவாள் இடுப்பிலேயே இருக்குமா என்ற பயம் மீதிப் பாதி. தெரிந்த இன்னொருவனும் பள்ளத்தில் கிடக்கிறான். இனி யார் கேட்கப் போகிறார்கள்?

"உடனே போயிடுத்தும்மா. ஒரு வலியும் தெரிஞ்சிருக்காது."

அன்னக்கொடி தலையை ஆட்டிக்கொண்டாள். வேங்கைக் கிளையில் ஒரு பச்சைத்தழையை ஒடித்து, மண்ணில் வைத்து, "போயிட்டு வாங்க" என்றாள். பிறகு முந்தானையைக் கிழித்து வெங்கட்ரமணனின் கழுத்தில் கட்டுப்போட்டது அவள்தான். மேலிருந்து மற்றவர்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. சருகுகள் அசைந்தன. காற்று திரும்ப வந்துவிட்டது. ராஜாராமன் வாய்விட்டு அழுதான்.

கார்டு கால் தவறி விழுந்தான், சைக்கிள்காரன் தாழ்ந்த கொடியில் மாட்டிக்கொண்டான் என்று முடிந்தது. அன்னக்கொடி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ரேஞ்சர் கையெழுத்துப் போடவில்லை; பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெங்கட்ரமணன் பிழைத்துக்கொண்டான். தொண்டைக்குள் பேச்சு வரும் நரம்பே அறுந்துவிட்டது, குரல் இனி வராது என்று டாக்டர் சொன்னார். உயிர் வந்ததே போதும் என்று அகிலாண்டம் தம்பியின் கட்டிலைவிட்டு நகரவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவன் கண்ணை நன்றாகத் திறந்து அத்திம்பேரைப் பார்த்தான். ராஜாராமன் ஓடிப்போய்க் குனிந்தான்.

"பேசாதேடா. நான் இருக்கேன்."

வெங்கட்ரமணனின் உதடு அசைந்தது. கட்டுத் துணிக்கு உள்ளிருந்து குரல் வந்தது. தெளிவாக, நிதானமாக, அறை முழுக்கக் கேட்கும்படி வந்தது. ஆனையூர் வாத்தியார் ஜென்மத்தில் பேசியிராத அடிவாரத்துப் பேச்சு.

"எனக்கு உசுரு இருந்துச்சே சார். அதை மட்டும் ஏன் அவகிட்டச் சொல்லல?"

அகிலாண்டம் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.